ஹோல் மணலைக் கூட்ட எந்த ரோபோ கிட் வாங்கலாம்?

கொக்குவில்வாணி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு ஹோல் 20 அடிக்கு 15 அடி, சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை. முன்னுக்கு விறாந்தை. அதின்ரை விளிம்பு முற்றத்திலை இருந்து ஒண்டரை அடி உயரம். சோளகக் காத்து அடிக்கிற மாதங்களிலை ஒழுங்கை மணல் உள்ளுக்கு வந்துகொண்டே இருக்கும். காலையும் பின்னேரமும் தும்புத்தடி பிடிக்க அம்மாவுக்கு முழங்கால் விடுகுதில்லை. மகள் பத்தாம் ஆண்டு, அர்டுயினோ (நிரல் எழுதி மோட்டர், சென்சர் இயக்கிற சின்னப் பலகை) பழகியிருக்கிறா. இரண்டுபேருமாச் சேந்து ஒரு கூட்டுற ரோபோ செய்யலாம் எண்டு நினைக்கிறம்.

பாத்து வைச்ச கிட்டுகள் மூண்டு: மஞ்சள் மோட்டர் இரண்டு பூட்டின அக்ரிலிக் கிட், அதே மோட்டர் நாலு பூட்டினது, எந்தப் பக்கமும் நகரக்கூடிய மெக்கானம் சில்லுக் கிட். எதை எடுத்தாலும் அதிலை 12 செ.மீ. கொம்பியூட்டர் ஃபேன் ஒண்டை வைச்சு மணலை இழுக்கிறதுதான் யோசினை. எதை வாங்கலாம்? பற்றரி, சென்சர் விஷயத்திலையும் அளவுகளோடை சொன்னால் உதவி.

பல்லுச்சில்லு:

வாணி அக்கா, மூண்டும் வேண்டாம். ஃபேன் யோசினையை முதல்லை விடுங்கோ, ஏனெண்டால் கிட்டைத் தீர்மானிக்கப்போறது அதுதான்.

12 செ.மீ. கொம்பியூட்டர் ஃபேன் கன காத்தைத் தள்ளும், ஆனால் அது தரக்கூடிய அழுத்தம் 2, 3 மில்லிமீட்டர் நீரளவுதான், அதாவது தண்ணியை அவ்வளவு உயரத்துக்குத்தான் இழுக்கும். வீட்டு வக்கியூம் கிளீனர் ஒண்டு 2000 மில்லிமீட்டர் அளவுக்கு இழுக்கும். கடையிலை விக்கிற ரோபோ வக்கியூமும் 200க்கு மேலை இழுக்கும். பஞ்சுத்தூசி எண்டால் ஃபேனுக்கு அசையும். மணல் அசையாது. உங்கடை வேலைக்குத் தேவை சுழலுற உருளைப் பிரஷ்ஷும் அதுக்குப் பின்னாலை ஒரு தட்டும். தும்புத்தடியும் அள்ளுற தட்டும் செய்யிற அதே வேலைதான். காத்தே தேவையில்லை.

இனி மஞ்சள் மோட்டர். 1:48 பல்லுச்சில்லு விகிதம், 6 வோல்ட்டிலை சுமையில்லாமல் நிமிசத்துக்கு 200 சுற்று அளவிலை ஓடும். நிண்டுபோற கட்டத்திலை அது தாற முறுக்குவிசை கிட்டத்தட்ட 0.8 கிலோகிராம்-சென்ரிமீட்டர். கிட்டிலை வாற சில்லின்ரை விட்டம் 65 மி.மீ., அதாவது ஆரை 3.25 செ.மீ. கணக்குப் பாத்தால் ஒரு சில்லு ஆகக்கூடத் தள்ளக்கூடியது 250 கிராம். சூடேறாமல் தொடந்து ஓடவேணும் எண்டால் அதிலை கால்வாசியைத்தான் நம்பலாம். இரண்டு சில்லும் சேந்து 120 கிராம். பிரஷ், தட்டு, பற்றரி, பலகை எல்லாம் ஏற 2 கிலோ வரும். அதை வழுவழுப்பான தரையிலை உருட்டவே 50 கிராம் போகும். பிரஷ் தரையோடை உரசுற இழுவையும் ஒரு கால்மிதியின்ரை விளிம்பும் சேந்தால் அதோடை நிண்டுவிடும். மோட்டர் நாலு போட்டாலும் தீராது, நாலு சில்லு வண்டி திரும்பேக்கை சில்லுகள் பக்கவாட்டிலை அரைபடும், கூடக் கிடைக்கிற பலம் அதிலையே போயிடும்.

அதைவிட மணல் பெரிய பிரச்சினை. மஞ்சள் மோட்டரின்ரை பெட்டி மூடாத பிளாஸ்டிக், பல்லுகளும் பிளாஸ்டிக். அச்சு வெளியிலை வாற ஓட்டையாலை மணல் உள்ளுக்குப் போய்க் கிறீஸோடை சேந்தால் அது அரைக்கிற பசையாகும், பல்லுத் தேயும். மெக்கானம் சில்லு இன்னும் மோசம். ஒவ்வொரு சில்லிலையும் இருக்கிற சின்ன உருளைகளுக்கை மணல் புகுந்தால் அவை சுத்தாது, வண்டி நேரை போகாது. செயின் போட்ட டாங்கிக் கிட்டையும் இதே காரணத்துக்காக ஒதுக்குங்கோ.

எடுக்கவேண்டியது: 25 மி.மீ. விட்டமுள்ள, உலோகப் பல்லுச்சில்லுப் பெட்டி மூடின 12 வோல்ட் மோட்டர் இரண்டு, நிமிசத்துக்கு 60 சுற்று. 65 மி.மீ. சில்லோடை அது செக்கனுக்கு 20 செ.மீ. போகும். கூட்டுறதுக்கு அந்த வேகம் போதும். வாங்கேக்கை அச்சைப் பாருங்கோ: இந்த மோட்டருக்கு 4 மி.மீ., ஒரு பக்கம் சீவின அச்சு. மஞ்சள் மோட்டரின்ரை சில்லு அதிலை ஏறாது. 4 மி.மீ. துளையும் இறுக்குற ஸ்க்ரூவும் உள்ள இணைப்பை மோட்டரோடை சேத்து ஓடர் பண்ணுங்கோ, இல்லாட்டில் ஒரு கிழமை சும்மா கிடக்கும்.

சட்டம் எதுக்குக் காசு? 6 மி.மீ. ஒட்டுப்பலகையிலை 32 செ.மீ. விட்ட வட்டம் வெட்டினால் போதும். வட்டமாய் இருக்கவேணும், மூலையுள்ள வண்டி கதிரைக் காலுகளுக்கை போய்த் திரும்பேலாமல் மாட்டும். கிட்டோடை வாற அக்ரிலிக் தட்டு மோட்டர் பிடிக்கிற இடத்திலை வெடிக்கிறது வழக்கம்.

பிரஷ்: ரோபோ வக்கியூமுக்கெண்டு விக்கிற மாற்று உருளை ஒண்டு, 18 தொடக்கம் 20 செ.மீ. நீளம், மெல்லிய நைலோன் மயிர். தும்பு வைச்சுச் செய்ய மனம் வரும், ஆனால் தும்பு தடிப்பு, பொடிமணல் இடையாலை தப்பிவிடும். உருளையைச் சில்லுகளுக்கு முன்னாலை வையுங்கோ, அப்பத்தான் சில்லு கூட்டின தரையிலை ஓடும், வழுக்காது. உருளையின்ரை அடிப்பக்கம் பின்னுக்கு, தட்டுப் பக்கம் நகருறமாதிரிச் சுத்தவேணும். வேகம் நிமிசத்துக்கு 150 தொடக்கம் 200 சுற்று. அதுக்கு மேலை போனால் மணல் தட்டைத் தாண்டித் தெறிக்கும். மயிர் தரையிலை 1 அல்லது 2 மி.மீ. மட்டும் அமரவேணும். நல்லாக் கூட்டட்டும் எண்டு அழுத்தினால் மயிர் மடிஞ்சு மணலின்ரை மேலாலை வழுக்கும், மோட்டரும் சூடேறும்.

தட்டின்ரை உதடுதான் முழுச் சூட்சுமமும். சைக்கிள் ரியூப்பிலை 2 செ.மீ. அகலத் துண்டு வெட்டி, தரையைத் தொட்டும் தொடாததுமாய் ஒட்டுங்கோ. இடைவெளி 2 மி.மீ.க்கு மேலை போனால் மணல் அடியாலை போயிடும்.

முன்பக்கத்துக்கு உருண்டைக் குண்டுச் சில்லுத் தருவினம், அது வேண்டாம். தலைமயிரும் மணலும் சேந்து குண்டு இறுகி, பொலிஷ் தரையிலை கோடு கீறும். வழுவழுப்பான நைலோன் பாதம் ஒண்டு போதும். பாரத்திலை முக்கால்வாசி இரண்டு சில்லுக்கும் மேலை விழுறமாதிரிப் பற்றரியை வைக்கவேணும்.

ஈயக்கம்பி:

மேலே சொன்ன பொறிமுறை அத்தனையும் சரி. மின்பக்கத்தை நான் எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்பது. 300 சதுர அடி என்றால் கிட்டத்தட்ட 28 சதுர மீட்டர். 20 செ.மீ. அகலப் பிரஷ், செக்கனுக்கு 20 செ.மீ. வேகம்: ஒருதரம் விடாமல் கூட்ட 700 செக்கன், சுமார் 12 நிமிடம். ஆனால் வரைபடம் வைத்திராத ரோபோ முட்டித் திரும்பி முட்டித் திரும்பித்தான் ஓடும். அப்படி எழுந்தமானமாக ஓடும்போது 12 நிமிடத்தில் தரையின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தொடாமல் கிடக்கும். 35 நிமிடம் விட்டால் கூட்டுப்படாதது 5 சதவீதமாகக் குறையும். ஆகவே 35 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். வரைபடம் போடும் லேசர் சென்சர் இந்த வேலைக்குத் தேவையில்லாத செலவு.

சில்லு மோட்டர் ஒவ்வொன்றும் 0.4 அம்பியர், பிரஷ் மோட்டர் 0.5, மற்றதெல்லாம் 0.2. மொத்தம் ஒன்றரை அம்பியர். மூன்று 18650 கலங்களை (உருளை வடிவ லித்தியம் கலம்) தொடராக வைத்தால் 11.1 வோல்ட். 2500 மில்லி அம்பியர்-மணிக் கலங்களில் 80 சதவீதத்தை எடுத்தாலும் 80 நிமிடம் வரும். இரண்டு தடவை கூட்டலாம்.

18650 அளவில் 5000, 9900 என்று அச்சடித்து வரும் கலங்களை வாங்காதீர்கள். நல்ல கலமே 2000 தொடக்கம் 3500 வரைதான் கொள்ளும். சோதிக்க எளிய வழி நகைக்கடைத் தராசு: நல்ல கலம் 45 கிராம் அளவில் இருக்கும். 35 கிராம் நிறுத்தால் உள்ளே சின்னக் கலமோ வெற்றிடமோதான். மூன்றும் ஒரே வகை, ஒரே வயதாக இருக்க வேண்டும். பழைய மடிக்கணினிப் பற்றரியில் கழற்றிய கலம் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதைச் சார்ஜ் பண்ண முயலவே வேண்டாம்.

மூன்று கலத் தொடருக்குரிய, சமப்படுத்தும் வசதி கொண்ட பி.எம்.எஸ். பலகை (கலங்களைக் காக்கும் பலகை) கட்டாயம் வேண்டும். சார்ஜர் 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜராக இருக்க வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் ரவுட்டர் அடப்டரைப் பூட்டாதீர்கள். டி.பி.4056 என்ற சின்னச் சார்ஜ் பலகை ஒற்றைக் கலத்துக்கு மட்டுமானது, மூன்றையும் சேர்த்து அதில் கொடுக்க முடியாது. பற்றரியின் நேர்முனை வயரில் 5 அம்பியர் ஃபியூஸ் ஒன்றும் ஆளியொன்றும் போடுங்கள். ஆள் விழித்திருக்கும் நேரத்தில், சீமெந்துத் தரையில் வைத்துச் சார்ஜ் பண்ணுங்கள். மகளும் கையாளப்போகிறார் என்பதால் இந்தப் பகுதியில் ஒன்றையும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மோட்டர் இயக்கிக்கு எல்298என் பலகை எல்லாக் கிட்டிலும் வரும். அது தன்னிலேயே 2 வோல்ட் அளவில் விழுங்கிச் சூடாக்கும். 6 வோல்ட் மோட்டருக்கு அது பெரிய இழப்பு, 12 வோல்ட் மோட்டருக்குச் சமாளிக்கலாம். டி.பி.6612 என்ற இயக்கி என்றால் இழப்புக் குறைவு, ஆனால் அது தொடர்ந்து தாங்குவது பாதைக்கு 1.2 அம்பியர்தான். மோட்டர் நின்றுபோகும்போது எடுக்கும் மின்னைத் தரவுத்தாளில் பாருங்கள். 2 அம்பியரைத் தொடுமென்றால் எல்298என் போதும், சூட்டுத்தகட்டுக்குக் காற்றுப் படவிடுங்கள்.

அர்டுயினோவுக்கு எல்298என் பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து மின் எடுக்காதீர்கள். எல்.எம்.2596 மின்னழுத்தக் குறைப்பான் ஒன்றை, அர்டுயினோவைப் பூட்டுவதற்கு முன்னரே மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிவிட்டு, பிறகு இணையுங்கள். திருகாமல் பூட்டினால் 12 வோல்ட் நேரே போய்ப் பலகை எரியும். ஒவ்வொரு மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ பரட் செராமிக் கொள்ளளவி, 5 வோல்ட் வழியில் 470 மைக்ரோ பரட். மோட்டர் திரும்பும் கணத்தில் அர்டுயினோ தானாக மறுதொடக்கமாகிறது என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இவை இரண்டும் இல்லாததால்தான்.

மகளுக்கு இரண்டு குறிப்பு. கிட்டோடு வரும் நிரலில் தூர சென்சரைச் சேர்வோவில் (கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டர்) வைத்துத் தலையாட்ட விட்டிருப்பார்கள். ஊனோ வகை அர்டுயினோவில் சேர்வோ நூலகத்தைச் சேர்த்தவுடன் 9ஆம், 10ஆம் பின்களில் வேகக் கட்டுப்பாடு வேலை செய்யாது. மோட்டர் ஏன் முழுவேகத்தில் மட்டும் ஓடுகிறது என்று பிறகு தேட வேண்டிவரும். சேர்வோவைக் கழற்றிவிட்டு சென்சரை நேரே முன்னால் பொருத்துங்கள். அடுத்தது எதிரொலி வரும் நேரத்தை அளக்கும் 'பல்ஸ்இன்' கட்டளை. எதிரொலி வராவிட்டால் அது ஒரு செக்கன் வரை காத்திருக்கக்கூடும், அதற்குள் வண்டி 20 செ.மீ. போய்விடும். 12000 மைக்ரோ செக்கன் எல்லை கொடுத்தால் 2 மீட்டர் வரை பார்க்கும், அது தாராளம்.

வல்லிபுரக்காத்து:

தூர சென்சரை மட்டும் நம்பி விடாதேங்கோ. ஒலியாலை தூரம் அளக்கிற எச்.சி.-எஸ்.ஆர்.04 சுவருக்கு நல்லது. தொங்குற சீலை, யன்னல் திரை, மெல்லிய கதிரைக்கால், சரிவாய் நிக்கிற கதவு, இவையள் ஒண்டும் அதுக்குச் சரியாத் தெரியாது. சீலை ஒலியை உறிஞ்சும், சரிவு வேறை பக்கம் தெறிக்கவிடும். அது வேகத்தைக் குறைக்க மட்டும் உதவட்டும். நிப்பாட்டுறதுக்கு முன்பாதியைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் வளையம், அதுக்குப் பின்னாலை இடமும் வலமும் நெம்புகோல் உள்ள மைக்ரோ சுவிட்ச் ஒவ்வொண்டு. எந்தப் பக்கம் முட்டுதோ அதுக்கு மற்றப் பக்கம் திரும்பவேணும். திரும்புற கோணம் ஒவ்வொருதரமும் மாறவேணும், ஒரே கோணம் குடுத்தால் இரண்டு கதிரைக்கு இடையிலை முடிவில்லாமல் ஆடிக்கொண்டு நிக்கும்.

இன்னொரு வழியும் இருக்குது. ஐரோபோட் கொம்பனியின்ரை றூம்பா எண்ட ரோபோ வக்கியூமின்ரை 500, 600 தொடரிலை மேல்மூடிக்குக் கீழை 7 முனை வட்டத் துளை ஒண்டு இருக்கும். அதாலை அர்டுயினோ அதோடை பேசலாம். தொடர்பு வேகம் செக்கனுக்கு 115200 பிட். 128 அனுப்பினால் கேக்கத் தொடங்கும், 135 அனுப்பினால் கூட்டத் தொடங்கும், 143 அனுப்பினால் சார்ஜ் பண்ணுற இடத்தைத் தேடிப் போகும். பிரஷ், முட்டுவளையம், விளிம்பு சென்சர் எல்லாம் உள்ளுக்கை இருக்குது. மகள் நிரலிலை மட்டும் வேலை செய்யப்போறா எண்டால் பழையது ஒண்டு கிட்டைவிட நல்ல தொடக்கம்.

ஆனால் இரண்டு விஷயம் கவனம். அதே கொம்பனி கிரியேட் எண்டு படிப்புக்கெண்டே செய்த ரோபோக்களிலை தூசி இழுக்கிற பகுதி இல்லை. பேரைப் பாத்து மாறி வாங்கிவிடாதேங்கோ. மற்றது, கனடாவிலை இருந்து சொந்தக்காரர் கொண்டுவாறதெண்டால் சார்ஜரின்ரை ஸ்ரிக்கரை வாசியுங்கோ. 100–240 எண்டு இருந்தால் முனையை மாத்தினாப் போதும். 120 எண்டு மட்டும் இருந்தால் எங்கடை 230 வோல்ட்டிலை போட்ட உடனை முடிஞ்சுது.

கடல் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு: பருத்தித்துறை, குருநகர்ப் பக்கங்களிலை உப்புக்காத்துக்குச் செருகு வயர் முனையள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். கொக்குவிலிலை அந்தளவுக்கு இராது, ஆனால் அதிர்விலை செருகு வயர் எங்கையெண்டாலும் கழரும். வேலை சரிவந்த பிறகு எல்லாத்தையும் ஈயம் வைச்சு ஒட்டிவிடுங்கோ.

கொக்குவில்வாணி:

மூண்டுபேருக்கும் கனக்க நன்றி. மகள் தானே முழுக்கச் செய்யவேணும் எண்டு நிக்கிறா, அதாலை றூம்பா இல்லை, ஒட்டுப்பலகை வட்டம்தான். இரண்டு கேள்வி மிச்சம். விறாந்தை விளிம்பாலை விழாமல் எப்பிடித் தடுக்கிறது? டி.சி.ஆர்.டி.5000 சென்சர் போதுமோ? பிரஷ்ஷிலை மயிர் சுத்தி இறுகினால் மோட்டர் எரியுமோ?

ஈயக்கம்பி:

டி.சி.ஆர்.டி.5000 ஹோலுக்குள் நன்றாக வேலை செய்யும், விறாந்தையில் ஏமாற்றும். காரணம் வெயில். அந்தச் சென்சர் அகச்சிவப்பு ஒளியை அனுப்பித் தரையிலிருந்து திரும்புகிறதா என்று பார்க்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. வெளிச்சம் நேரே பட்டால், கீழே தரை இல்லாவிட்டாலும் ஒளி திரும்பி வருவதாகவே சென்சர் சொல்லும். வண்டி தயங்காமல் ஒன்றரை அடி கீழே போகும்.

தயாராக விற்கும் நீலப் பலகைச் சென்சரில் ஒளிர்வி எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும், அதில் இதைத் திருத்த முடியாது. வெறும் சென்சரை வாங்குங்கள். ஒளிர்விக்கு 220 ஓம் தடையுடன் ஓர் அர்டுயினோ பின், ஏற்பிக்கு 10 கிலோ ஓம் தடை 5 வோல்ட்டுக்கு. ஒளிர்வியை அணைத்து ஒருதரம் வாசிக்கவும், எரித்து ஒருதரம் வாசிக்கவும், இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுக்கவும். வித்தியாசம் சிறிதென்றால் தரை இல்லை என்று கொண்டு நிற்க வேண்டும். வெயில் ஏற்பியை நிரப்பிவிட்டாலும் வித்தியாசம் சிறிதாகவே வரும், அதனால் பிழைத்தாலும் வண்டி நிற்கும், விழாது. தரையிலிருந்து 5 தொடக்கம் 8 மி.மீ. உயரத்தில், பிரஷ்ஷுக்கு முன்னால் மூன்று போடுங்கள்: இடம், நடு, வலம். எந்த அளவில் வெட்டுவது என்பதை உங்கள் சிவப்புத் தரையிலேயே அளந்து வையுங்கள், வெள்ளைத் தாளில் அளந்தது பொருந்தாது.

இத்தனைக்குப் பிறகும் விளிம்பில் 2 அங்குல உயரப் பலகை ஒன்றை நீளத்துக்கு வைத்துவிட்டுத்தான் விறாந்தையில் ஓடவிட வேண்டும். முட்டுவளையம் அதில் முட்டித் திரும்பும். சென்சர் இரண்டாவது காவல், பலகைதான் முதலாவது.

பிரஷ் மோட்டர் இறுகினால் எரியும், சந்தேகமில்லை. மின்னோட்டத்தை அளக்கும் ஏ.சி.எஸ்.712 சென்சரின் 5 அம்பியர் வகையை அதன் வயரில் தொடராகப் போடுங்கள். அது ஒரு அம்பியருக்கு 185 மில்லி வோல்ட் மாறும். 1.2 அம்பியருக்கு மேல் மூன்றில் ஒரு செக்கன் நீடித்தால் பிரஷ்ஷை நிறுத்தி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மறுபடி முயல வேண்டும். மூன்றுதரம் தோற்றால் எல்லாவற்றையும் நிறுத்தி மணி அடிக்கட்டும். பிரஷ் மோட்டரை இயக்க ஐ.ஆர்.எல்.இசட்.44 மொஸ்ஃபெட் (மின்னால் இயங்கும் ஆளி), மோட்டருக்குக் குறுக்கே 1என்5819 டயோட். ஐ.ஆர்.எஃப்.520 மொஸ்ஃபெட் பலகை மலிவு, ஆனால் அர்டுயினோவின் 5 வோல்ட்டில் அது முழுமையாகத் திறக்காமல் சூடேறும்.

பல்லுச்சில்லு:

மயிருக்கு இன்னொண்டு: அது சேருறது உருளையின்ரை நடுவிலை இல்லை, இரண்டு தொங்கலிலையும் அச்சோடை. உருளையின்ரை இரண்டு பக்கமும் 5 செ.மீ. விட்டப் பிளாஸ்டிக் வட்டம் ஒவ்வொண்டு போட்டால் அச்சுக்குப் போறது குறையும். கிழமைக்கு ஒருக்கால் கழட்டி பிளேட்டாலை வெட்டி எடுக்கவேணும். அதாலை உருளையை இரண்டு ஸ்க்ரூவிலை கழரக்கூடியமாதிரிப் பூட்டுங்கோ, ஒட்டிவிடாதேங்கோ.

எல்லாத்தையும் ஒரேயடியா ஓடர் பண்ணவேண்டாம். முதல்லை உருளை, அதுக்கொரு மோட்டர், பலகை, ரியூப் துண்டு, இவ்வளவும்தான். பற்றரி இல்லாமல் 12 வோல்ட் அடப்டரிலை பிரஷ்ஷைச் சுத்தவிட்டு, பலகையைக் கையாலை தள்ளிப் பாருங்கோ. உங்கடை ஒழுங்கை மணலிலை 20 கிராம் நிறுத்து, ஒரு மீட்டர் நீளம், பிரஷ் அகலத்துக்குத் தரையிலை தூவவேணும். ஐஞ்சு செக்கனிலை அதைக் கடக்கிற வேகத்திலை ஒருக்கால் தள்ளி, தட்டிலை விழுந்ததை நிறுங்கோ. 15 கிராமுக்கு மேலை வந்தால் மிச்ச மோட்டருகளை ஓடர் பண்ணலாம். குறைஞ்சால் மிச்ச மணல் எங்கை கிடக்குது எண்டு பாருங்கோ. பலகைக்குப் பின்னாலை கோடாக் கிடந்தால் உதட்டு றப்பர் உயரம், ஒரு மி.மீ. இறக்குங்கோ. முன்னாலை சிதறிக் கிடந்தால் உருளை மாறிச் சுத்துது, மோட்டரின்ரை இரண்டு வயரையும் மாத்துங்கோ. இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடந்தால் உருளையின்ரை தொங்கலிலை இருந்து பக்கச்சுவருக்கு இடைவெளி கூட, அங்கையும் ஒரு ரியூப் துண்டு ஒட்டுங்கோ.